கொழுந்துத் தராசில் ஒரு பிரேக் டிஸ்க்

பிரேக் விஷயத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பதுளையில் கராஜ் போட்டு இருபத்தாறு வருஷமாகிறது. எஞ்சின் வேலைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், பெயின்ட் அடிக்க வேறு ஆட்கள். மலையிறக்கத்தில் நிற்காத வண்டி என்றால் என்னிடம்தான் வரும். லுணுகலைக் கொழுந்து லொறி, பசறை பஸ், தோட்டத்து டிராக்டர் எல்லாம் என் கை பார்த்தவைதான். வண்டிச் சில்லைக் கழற்றி, உள்ளே இருக்கும் டிஸ்க்கின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு இழுப்பு. தேய்ந்த டிஸ்க்கில் ஓரம் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும், நகம் அதில் தட்டும். எவ்வளவு தட்டுகிறதோ அவ்வளவு தேய்வு. என் படிப்பு மொத்தமும் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு நான் அடிக்கிற சவடாலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன என் மனைவி, "ஒங்க நகத்த வெட்டிட்டா ஒங்களுக்குப் பேச்சே வராது" என்பாள்.

அவள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். தெமோதரைக்கும் எல்லவுக்கும் நடுவில் ஒரு தோட்டம், அங்கேதான் எங்கள் வீடு. காலையில் அவள் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போவாள், நான் பதுளை பஸ் பிடிப்பேன். சாயந்தரம் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தால், யாருக்கு அன்றைக்கு அதிகம் கோபம் வந்தது என்பதுதான் பேச்சு. அனேகமாக நான்தான் ஜெயிப்பேன்.

என்னிடம் வந்துபோகிறவர்களில் ஹாஜியார் ஒருவர். பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர், அறுபது தாண்டிய மனிதர். சத்தம் போட்டு அதட்டி ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. அவருக்கு ஒரே ஒரு பைத்தியம். கல்லா மேசைக் கண்ணாடிக்குக் கீழே, பேரப்பிள்ளைகளின் படங்களுக்கு நடுவில், தாழ்ந்த மூக்கும் அகன்ற இடுப்புமாக ஒரு காரின் படம் இருக்கும். பந்தயக் கார் ஜாதி, இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். சேலைத் துணியை முழம் போட்டுக்கொண்டே அந்தப் படத்தை ஒரு பார்வை பார்ப்பார். கடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். முகத்துக்கு நேரே சிரிக்க மாட்டார்கள், வெளியே வந்து சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தப் பைத்தியத்துக்கு அணை போட்டிருந்தவர் அவருடைய மனைவி. அதற்குக் காரணமும் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வெல்லவாயவில் ஒரு கலியாணத்துக்கு வேனில் குடும்பத்தோடு போயிருக்கிறார்கள். ஹாஜியார்தான் ஓட்டினார். எல்லவிலிருந்து இறங்கும் பாதையில், நீர்வீழ்ச்சிக்கு மேலே இருக்கும் வளைவில் பிரேக் பிடிக்காமல் போய், அவர் வேனை மலைப்பக்கத்து மழைத்தண்ணீர்க் கானுக்குள் விட்டு நிறுத்தினார். யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் அந்த அம்மாவின் ஒரு செருப்பு அந்தக் கானோடு போனது, மனசில் இருந்த தைரியமும் போனது. அதன் பிறகு அவர் தன் சின்னக் காரைத் தானே ஓட்டுவார், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவார், பண்டாரவளைக்குப் போய்வருவார். புருஷன் ஓட்டும் வண்டியில் மட்டும் மலையிறக்கம் போகவே மாட்டார்.

கானிலிருந்து எடுத்த அந்த வேனின் பிரேக்கை நான்தான் சரிசெய்துகொடுத்தேன். என்னய்யா கோளாறு என்று அந்த அம்மா கேட்டபோது, "வேன்ல கோளாறு இல்லங்கம்மா. கியரக் குறைக்காம ஒரே மிதியா மிதிச்சு எறங்கியிருக்காரு. பேட் வெந்துபோச்சு" என்று ஹாஜியாரை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். ஹாஜியார் தரையைப் பார்த்தார். அன்றைக்கே அந்த அம்மாவுக்கு என் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

போன வருஷம், மழை விட்ட ஒரு மாதத்தில், ஹாஜியார் கராஜுக்கு வந்தார். போனை நீட்டினார். படத்தில் இருந்த அதே ஜாதிக் கார், வெள்ளை நிறம். எல்லவில் ஒரு ஹோட்டல் வைத்திருக்கிற சிங்கள ஐயா, மாத்தயா என்போம், விற்கிறாராம். அவருக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது, இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகக் காரில் இடமில்லை. அதுதான் விற்கக் காரணம்.

"ஊட்டுல என்ன சொன்னாங்க?" என்றேன்.

"கடைக்கு வாங்க பாஸ். அவ ஒங்களோட பேசணுமாம்." கராஜ்காரனை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

போனேன். அந்த அம்மா துணிக்கட்டுகளுக்கு நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுற்றி வளைக்கவில்லை. "பாஸ், இந்த மனுசன் நாப்பது வருசமா இந்தக் கனவோட ஈக்கிறார். எனக்கும் பாவமாத்தான் ஈக்கி. ஆனா பிரேக்கத்தான் நான் பாப்பன். நீங்க பெய்த்துப் பாருங்க. நல்லம் எண்டு செல்லுங்க, வாங்கட்டும். சரியில்ல எண்டு செல்லுங்க, இந்தப் பேச்சு எங்கட ஊட்டுல மவுத்து. ஒரு தரம்தான் கேப்பன். ரெண்டாந்தரம் கேக்கமாட்டன்."

ஹாஜியார் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பரீட்சைப் பேப்பரை வாத்தியார் கையில் கொடுத்துவிட்டு நிற்கிற பிள்ளையின் முகம். பாரத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டார்கள்.

கராஜுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சில்லுக்குள்ளே, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கலிப்பர் மஞ்சள் நிறத்தில் தெரிந்தது. அந்த மஞ்சள் எதற்கு அடையாளம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது இரும்பு டிஸ்க் இல்லை, செரமிக் டிஸ்க். இந்த மாகாணத்தில் அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியாது. நான் தொட்டதில்லை. அதை ஹாஜியாரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாய் நீளம் என்றேனே, இந்த மாதிரி நேரத்தில் மட்டும் அது குட்டையாகிவிடும்.

மூன்று நாள் சாயந்தரம் போனும் கையுமாக வீடியோ பார்த்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இந்த வயசுல என்னா பரீட்சைக்குப் படிக்கிறீங்க?" என்று கேட்டாள். உண்மையில் பரீட்சைதான். செரமிக் டிஸ்க் தடிப்பில் தேய்வதே இல்லையாம். எத்தனை வருஷம் ஓடினாலும் ஓரத்தில் வரப்பு எழும்பாது. அதற்குள்ளே இருக்கும் கார்பன் நார், அளவுக்கு மீறிய சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துபோகும். பார்க்க அப்படியே இருக்கும், எடை மட்டும் குறையும். சந்தையில் தேங்காயைக் கையில் தூக்கிப் பார்க்கிறோமே, அந்தக் கதை. அதனால் டிஸ்க்கின் நடுக்கிண்ணத்தில் ஒரு எண்ணைப் பொறித்து விடுகிறார்களாம். அந்த எடைக்குக் கீழே போனால் டிஸ்க் முடிந்தது. கழற்றி நிறுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு நிச்சயமான வழி இல்லை.

இன்னொன்றும் படித்தேன். சில்லைக் கழற்றும்போது அது டிஸ்க்கில் இடித்தால் ஓரம் துண்டு துண்டாகப் பெயர்ந்துவிடுமாம். அதற்காக இரண்டு பழைய போல்ட்டுகளின் தலையை அறுத்து, நீளமான முளைகள் செய்து எடுத்துக்கொண்டேன். சில்லுப் போல்ட்டைக் கழற்றிய இடத்தில் அவற்றைத் திருகிவிட்டால் சில்லு அவற்றின் மேலேயே வழுக்கி வெளியே வரும். அந்த முளைகளைச் செய்து முடித்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

எல்லவுக்கு ஹாஜியாரும் நானும் மட்டும் போனோம். ஹோட்டல் என் மனைவியின் தோட்டத்து எல்லையிலேயே இருந்தது. முற்றத்திலிருந்து பார்த்தால் கீழே தேயிலை, அதற்குக் கீழே தோட்டத்து ரோடு, ரோட்டோரத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவம். மாத்தயா நல்ல மனிதர். தோளில் கைக்குழந்தையோடு வந்து கார் கொட்டகையைத் திறந்துவிட்டார். ஹாஜியார் காரைச் சுற்றி ஒரு தரம் வந்தார். தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தொட்டுப் பாருங்க ஹாஜியார்."

"வேணாம் பாஸ். நீங்க செல்லுங்க, அதுக்குப் பொறகு தொடுறன்."

முன்சில்லைக் கழற்றினேன். என் முளைகள் அழகாக வேலை செய்தன. டிஸ்க் கறுஞ்சாம்பல் நிறத்தில், முகமெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருந்தது. எல்லப் பனியில் இரண்டு நாள் நின்ற எந்த வண்டியின் டிஸ்க்கும் சிவந்து துருப்பிடித்திருக்கும். இதில் ஒரு பொட்டுத் துரு இல்லை. ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தேன், வழுக்கிக்கொண்டு போனது. புத்தம் புதுசு என்றது நகம். உன்னைக் கேட்கவில்லை என்று அதற்குச் சொல்லிவிட்டு, டோர்ச் அடித்து ஓரத்தைச் சுற்றிப் பார்த்தேன். பெயர்ப்பு இல்லை. முகத்தில் நார் எழும்பவில்லை. பழக்கதோஷத்தில் சட்டி வாங்குகிறவன் மாதிரி சுண்டியும் பார்த்தேன். அதை வீடியோவில் சொல்லவில்லை, ஆனால் சத்தம் நன்றாக இருந்தது.

கலிப்பரை இறக்கி டிஸ்க்கை வெளியே எடுத்தபோது கைக்குப் பெரிய பாரமே தெரியவில்லை. நம் இரும்பு டிஸ்க் இந்த அளவுக்கு இருந்தால் இரண்டு கையும் வேண்டும். துடைத்துப் பார்த்தேன். கிண்ணத்தில் எண் தெளிவாக இருந்தது. ஐந்து கிலோ எண்ணூறு கிராம். இதற்குக் குறையக்கூடாது.

சரி, தராசு? அதைத்தான் மறந்துவிட்டு வந்திருந்தேன். மூன்று நாள் படித்து, போல்ட் தலையை அறுத்து முளை செய்த மேதைக்குத் தராசு ஞாபகம் வரவில்லை. ஹோட்டல் குசினியில் இருந்தது கேக்குக்கு மாவு நிறுக்கிற தராசு, மூன்று கிலோவோடு நின்றுவிடும். அந்த நேரம் பார்த்துக் கீழே மடுவத்தில் பகல் நிறுவைக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அது என் மனைவியின் கும்பல். அங்கே தொங்குகிற எலக்ட்ரோனிக் தராசு நூறு கிராம் வித்தியாசத்தைக்கூடக் காட்டும். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இரண்டு முன்டிஸ்க்கையும் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். பின்னால் ஹாஜியார், அவருக்குப் பின்னால் குழந்தையோடு மாத்தயா. சாக்குகளோடு வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்னைத் தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை.

"என்னாண்ணே, இடியாப்பத் தட்டா?"

"இத்தன பெரிய தட்டுல யாருக்குண்ணே அவிக்கப் போறீங்க?"

என் மனைவி அந்த வரிசையில் இல்லை. அவளுக்கு அன்றைக்கு மேல் மலை, தேயிலை நிரை முடித்து வர நேரமாகும் என்றார்கள். கணக்கப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னேன். முழுதாகக் கேட்கவில்லை அவர், கையில் பேனாவும் காதில் போனுமாக இருந்தார். "சரி சரி, தொங்கவிடுங்க" என்றார். கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். சிவப்பு எழுத்து ஓடி நின்றது.

"அஞ்சு புள்ளி ஒண்ணு" என்று அவரே வாசித்துவிட்டு, பழக்கத்தில் எழுதவும் போனார்.

மற்ற டிஸ்க். ஐந்து புள்ளி இரண்டு.

எண்ணூறு இருக்க வேண்டிய இடத்தில் நூறும் இருநூறும். கொஞ்சம் நஞ்சமில்லை, சுத்தமாக எரிந்துபோன டிஸ்க். திரும்பி ஹாஜியாரைப் பார்த்தேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் இருக்க முடியாது, மழுப்பவும் முடியாது. அந்த அம்மா என்னை நம்பித்தான் அனுப்பியிருக்கிறார்.

"சரியில்லங்க ஹாஜியார். டிஸ்க் செத்துப்போச்சு. கீழ எறங்கையில நிக்காது."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். "ஓ. பாஸ் பாத்தாச்சு. சரியில்லையாம். ஓ, சரி. முடிஞ்சிது" என்றார். அவ்வளவுதான். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு ரோட்டோர மதகில் போய் உட்கார்ந்தார். "என்ன செய்ற பாஸ், படத்தையாச்சும் பாத்துக்கொண்டு ஈப்பம்" என்றார்.

எனக்குத் துக்கம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். மாத்தயாவின் மேல் பாய்ந்தேன். இந்தக் காரை எந்தப் பந்தயத்தில் ஓட்டி எரித்தீர்கள், மறைத்து விற்கப் பார்க்கிறீர்களா என்று சிங்களத்தில் கத்தினேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. முட்டைத் தட்டைக் கொண்டுபோகிறவன் மாதிரி ஓட்டியிருக்கிறேன், பள்ளிக்கூடத்துக்கும் விகாரைக்கும் தவிர எங்கேயும் போனதில்லை என்று அவரும் கத்தினார். குழந்தை விழித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும்விடப் பெரிதாகக் கத்தியது.

அப்போது மேலே நிரைகளுக்கு நடுவிலிருந்து என் மனைவி இறங்கி வந்தாள். தலையில் கொழுந்துச் சாக்கு, கையில் போத்தல்.

"கொழுந்து மலை வரைக்கும் ஒங்க சத்தம் கேக்குது. என்னா நடந்துச்சு?"

நடந்ததைச் சொன்னேன். ஐந்து கிலோ எண்ணூறு என்று பொறித்திருப்பதைக் காட்டினேன். தராசு காட்டியதைச் சொன்னேன். அவள் சாக்கை இறக்கிவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்தால் இலேசில் நிற்காது. இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள்.

"அட மனுசா. அது கொழுந்துத் தராசு. சாக்குக்குன்னு ஒரு கிலோ அதுவே கழிச்சிட்டுத்தான் காட்டும். ஒங்க இடியாப்பத் தட்டு என்னா சாக்குக்குள்ளயா இருந்துச்சு?"

நான் கணக்கப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் காதிலிருந்து போனை எடுத்தார். "ஆமா, அது ஆப்பீஸ்ல செட் பண்ணி அனுப்புறது. சாக்குக்கு" என்றார். "நீங்க கேக்கவே இல்லையே."

கேட்கவில்லைதான். சும்மா தொங்கும்போது அது பூச்சியம் காட்டியது, நானும் சரியென்று நம்பிவிட்டேன். தோட்டத்து லயத்தில் பிறந்து, அம்மா கொழுந்தெடுத்த பிள்ளையாக வளர்ந்து, கொழுந்தெடுக்கிறவளைக் கட்டியும், அவர்கள் தினமும் முகத்துக்கு நேரே பார்க்கிற தராசு எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சாயந்தரம் அவள் தராசைப் பற்றித் திட்டும்போதெல்லாம் நான் என் கதையைச் சொல்லக் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அவள் பேச்சோடு விடவில்லை. கையிலிருந்த தேத்தண்ணிப் போத்தலைக் கொக்கியில் மாட்டினாள். முக்கால் போத்தல் இருந்தது. தராசு பூச்சியத்திலேயே நின்றது.

"பாத்துக்கங்க. என் தேத்தண்ணிக்குக் கனமே இல்ல."

பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஹாஜியார் மதகிலிருந்து எழுந்தார். ஆனால் நான் இந்த முறை யார் வாயையும் நம்பத் தயாராக இல்லை, என் வாயையும் சேர்த்துத்தான். மாத்தயாவிடம் கேட்டு ஹோட்டல் குசினியிலிருந்து பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். மாட்டினோம். நாலு புள்ளி பூச்சியம். மறுபடி டிஸ்க்குகளை மாட்டினோம். ஒரு கிலோவைக் கூட்டினால் ஆறு புள்ளி ஒன்று, ஆறு புள்ளி இரண்டு. முந்நூறு கிராமும் நானூறு கிராமும் மிச்சம். முட்டைத் தட்டு மாதிரி ஓட்டினேன் என்று மாத்தயா சொன்னது சத்தியம். அவரிடம் கையெடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு சிரித்தார்.

இதற்குள் வரிசையில் வேறு பேச்சு தொடங்கியிருந்தது. ஒரு பெண் வெறும் சாக்கை ஒரு விரலில் தூக்கிக் காட்டினாள். "இந்தச் சாக்கு ஒரு கிலோவாங்கய்யா? கறுப்புத் தட்டுக்குத் திருப்பிக் குடுத்த கிலோவ எங்களுக்கும் குடுங்க" என்றாள். கணக்கப்பிள்ளை நெற்றியைத் தடவிக்கொண்டார். இதற்காகத் தொழிற்சங்கத் தலைவர்மார் தோட்டத்து ஆப்பீசுக்கு எத்தனையோ நடை நடந்திருக்கிறார்கள். அன்றைக்கு எல்லாருடைய கண் முன்னாலும் தேத்தண்ணிப் போத்தல் பூச்சியம் காட்டியதை மட்டும் யாராலும் மறுக்க முடியவில்லை. இரண்டு வாரத்துக்குள் சாக்கை வெறுமையாக நிறுத்துப் பார்த்து, அது எவ்வளவோ அவ்வளவை மட்டும் கழிக்க ஆரம்பித்தார்கள். அதை என் மனைவி வீட்டுக்கு வந்து சொன்ன சாயந்தரம் நான் வாயைத் திறக்காமல் கேட்டேன்.

ஆனால் அன்றைக்குப் பெரிய மலை இன்னும் மிச்சம் இருந்தது. ஹாஜியார் மறுபடி போன் அடித்து, ஒலிபெருக்கியில் போட்டு என்னிடம் நீட்டினார்.

"அம்மா, நான் பாஸ் பேசுறேன். தப்பாயிருச்சும்மா. டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. தராசுலதான்…"

"பாஸ்." குரல் அமைதியாக இருந்தது. "அரை மணித்தியாலத்துக்கு முந்தி செத்துப்போச்சு எண்டு சென்னீங்க. இப்ப உசிரு வந்திட்டா? இவர் அழுதாரா? அதுக்கா இப்பிடிச் செல்றீங்க? ஒரு தரம்தான் கேப்பன் எண்டேனே."

ஹாஜியார் பழையபடி மதகைப் பார்த்தார். என் மனைவி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, நான் இவரு சம்சாரம் பேசுறேன். கொழுந்தெடுக்கிறவ. இவருக்கு பிரேக் தெரியும்க்கா, தராசு தெரியாது. எனக்கு பிரேக் தெரியாது, இந்தத் தராசு தெரியும். பதினெட்டு வருசமா தெனம் இது முன்னாடி நிக்கிறேன். அது ஒரு கிலோ பொய் சொல்லுது. நீங்க என்னையும் நம்ப வேணாம். வந்து ஒங்க கண்ணால பாருங்க."

அந்தப் பக்கம் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது.

"நான் வாறன்" என்றார் அந்த அம்மா.

பதுளையிலிருந்து வர முக்கால் மணி நேரம். அதற்குள் நான் டிஸ்க்குகளைப் பூட்டினேன். பின்சில்லுகளையும் கழற்றி, பின்டிஸ்க்குகளை அதே அரிசிப் பையை வைத்துச் சரிபார்த்து நிறுத்து, அவையும் தேறியதும் திரும்பப் பூட்டி முடித்தேன். என் ஆயுளில் இவ்வளவு வேகமாகவும் பயபக்தியாகவும் வேலை செய்ததில்லை. மாத்தயா காரைக் கீழே மடுவத்தடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். நிறுவை முடிந்தும் ஒரு பெண்ணும் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவில்லை. கணக்கப்பிள்ளையும் போகவில்லை.

சின்னக் கார் வந்து நின்றது. அந்த அம்மா இறங்கினார். நேரே தராசடிக்குப் போய், என் மனைவியின் கையிலிருந்து போத்தலை வாங்கி, தன் கையாலேயே மாட்டினார். பூச்சியம். தன் கைப்பையையும் மாட்டினார். அதுவும் பூச்சியம். அதற்குப் பிறகுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"அல்லாஹ்வே, இதுல நான் ஏறி நிண்டாலும் மெலிஞ்சுதான் ஈப்பன் போல."

பிறகு கையை நீட்டினார். "சாவி."

ஹாஜியார் ஆசையோடு முன்னே வந்தார். சாவியை மாத்தயா எடுத்துக் கொடுக்க, அது அந்த அம்மாவின் கைக்குப் போனது. "நிறுத்துப் பாத்தது சரி. நான் மிதிச்சுப் பாக்கணும்" என்றார். என் மனைவியின் பக்கம் திரும்பி, "தங்கச்சி, வாங்க. நீங்கதான் சாட்சி" என்றார். என் மனைவி படங்கை அவிழ்த்து என் தோளில் போட்டுவிட்டு, போத்தலோடு அந்தக் காருக்குள் உட்கார்ந்தாள். கொழுந்துக் கறை படிந்த கையைச் சீற்றில் படாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். இரண்டு பெண்களும் எங்களை ரோட்டோரத்தில் விட்டுவிட்டுப் போனார்கள்.

நாற்பது வருஷக் கனவு கண்டவர் என் பக்கத்தில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். கார் மெயின் ரோட்டுக்கு ஏறியது, வெல்லவாயப் பக்கம் திரும்பியது. மலையில் மோதி மோதி சத்தம் இறங்கியது. "ரெண்டாவது வளைவு" என்றார் ஹாஜியார். "மூணாவது." பிறகு சத்தம் நின்றுவிட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படியே நின்றோமோ தெரியாது. மறுபடி சத்தம் எழும்பி மேலே வரத் தொடங்கிய பிறகுதான் கையை விட்டார்.

கார் வந்து நின்றதும் என் மனைவி இறங்கி என்னிடம் வந்தாள். "அந்த வேன் கானுக்குள்ள போன எடத்துல நிப்பாட்டினாங்க" என்று மெதுவாகச் சொன்னாள். "எறங்கி அந்தக் கானையே பாத்துட்டு நின்னாங்க. அப்புறம் திரும்பி, மேல வந்து, அதே எடத்துக்கு வேகமா எறங்கி மறுபடி மிதிச்சாங்க. மூணு தடவ. சொன்ன எடத்துல நின்னுச்சுங்க."

அந்த அம்மா காரைச் சுற்றிக்கொண்டு வந்து ஹாஜியாரின் உள்ளங்கையில் சாவியை வைத்தார். பிறகு ஓட்டுகிறவருக்குப் பக்கத்துக் கதவைத் திறந்து, தானே உட்கார்ந்துகொண்டார்.

"ஓட்டுங்க. வெல்லவாய வரைக்கும் பெய்த்து வருவம்."

ஹாஜியாருக்குக் கதவு கைப்பிடி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கண் நிறைந்திருந்தது. நான் திறந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகும் பெல்ட்டைத் தேடிக்கொண்டே இருந்தார், அந்த அம்மாதான் இழுத்து மாட்டிவிட்டார். "கியரக் குறைச்சு எறங்குங்க" என்று மட்டும் சொன்னார். பெண்கள் கை தட்டினார்கள். கார் மெதுவாக, மாத்தயா ஓட்டியதைவிட மெதுவாக, மெயின் ரோட்டுக்கு ஏறி, ஒன்பது வருஷமாக அவர்கள் சேர்ந்து போகாத பக்கம் திரும்பியது.

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. மறைக்கவில்லை.

"என் போத்தல் போகுதுங்க" என்றாள் என் மனைவி.

அது திரும்பி வரவில்லை. புதுப் போத்தல் ஒன்றுக்குள் பேரீச்சம்பழம் நிறைத்து அந்த அம்மா அனுப்பி வைத்தார். பழைய போத்தல் இன்றைக்கும் அந்தக் காரின் கதவுப் பொந்தில் இருக்கிறது. சர்வீசுக்கு வரும்போதெல்லாம் நான் அதை எடுத்துக் கையில் தூக்கிப் பார்ப்பேன். தேத்தண்ணி நிறைந்திருக்கும். இரண்டு பேரும் எங்கேயோ மலையிறங்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.